ஐந்துக்கும் பதில் தெரிந்தவன்

புல்லில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருந்தான் மைதீன். வாயில் கவ்வியிருந்த ரப்பர் பல்காப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தான். எச்சிலோடு கொஞ்சம் ரத்தமும் அதில் ஒட்டியிருந்தது. முன்னால் குனிந்து நின்ற டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"தம்பி, இப்ப நாம எந்த கிரவுண்டுல இருக்கோம்?"

"சங்கரன்கோவில் கொளத்துல மேடம்."

பட்டென்று சொன்னான். யோசிக்கவே இல்லை.

நாங்கள் இருந்தது சென்னையில். சுற்றிலும் வேலி போட்ட பச்சைப் புல் மைதானம். வேலிக்கு அந்தப் பக்கம் மாநகரப் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"போன மேட்ச் யார்கூட ஆடுனீங்க?"

"வாசுதேவநல்லூர்கூட."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம் மேடம்."

அன்று காலையில்தான் வேறொரு மாவட்டத்து அணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்தான் கேப்டன்.

மைதீனும் என்னைப் பார்த்தான். எல்லாம் சரிதானே என்று கேட்கிற பார்வை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருகிறவன் முகத்தில் ஒரு தெளிவு இருக்குமே, அது அவன் முகத்தில் இருந்தது.

இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோதே தெரியும், ஒரு வாரம் இந்த முகத்தைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும் என்று. தேசியப் போட்டி பார்க்கப் போன கதை, ஜெர்சி வாங்கின கதை என்று ஏதேதோ சொல்லி ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

குளத்துக்குள் மைதானம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு குளம். வருஷத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. அதற்குள் முளைத்துக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் மூங்கில் கம்பு நட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டோம். அதுதான் எங்கள் ரக்பி மைதானம். கோடையில் தரை வெடித்திருக்கும். விழுந்தால் முழங்கையில் தோல் இருக்காது. மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருஷம் அதோடு சரி.

ரக்பி என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. பந்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பப்பாளிப்பழம் என்றுதான் சொன்னார்கள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். ஓடுகிறவனை இடுப்போடு கட்டிச் சாய்க்கலாம். பந்து சிக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் கவிழ்த்து, ஒருவரை ஒருவர் தள்ள வேண்டும். அதற்கு ஸ்க்ரம் என்று பேர்.

என் அப்பா குருவிகுளம் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர். ஒரே ஒரு மேட்ச் பார்க்க வந்தார். முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்:

"அந்தப் பய இவன அந்த முட்டு முட்டுதான். இவன் போயி அவன் கையப் புடிச்சுக் குலுக்குதான். இதுக்கா காலேஜுக்கு அனுப்புனோம்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். காலேஜில் இடம் கிடைத்த பிறகுதான் ரக்பி என்ற சொல்லையே கேட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பி.டி. சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீதான் கேப்டன்" என்றார்.

நான் பெரிய ஆட்டக்காரன் என்பதால் இல்லை. ரக்பியில் ரெஃப்ரியிடம் போய்ப் பேசுகிற உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். வெளியூர் ரெஃப்ரிகள் இங்கிலீஷில் பேசுவார்கள். எங்கள் பதினைந்து பேரில் எனக்குத்தான் நான்கு வாக்கியம் தப்பில்லாமல் வரும்.

நியாயமாக மைதீன்தான் கேப்டனாகியிருக்க வேண்டும். அதை அவனிடமே சொன்னேன்.

"நீயே இரிலே," என்றான். "எனக்கு இங்கிலீசுல கெட்ட வார்த்த மட்டும்தான் வரும். முதல் மேட்ச்சுலயே வெளிய அனுப்பிருவானுவ."

மைதீன்

கடையநல்லூரிலிருந்து சட்டைக்கு உள்ளே ஜெர்சியைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறி வருவான். குள்ளம். கழுத்து எது, தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்பு. ஸ்க்ரமில் முன்வரிசைக்கு நடுவில் அவன், வலது பக்கம் நான். அவன் கை என் தோளில், என் கை அவன் முதுகில். தள்ளுவதற்காகக் குனிந்து நிற்கிற அந்த இரண்டு மூச்சு நேரத்தில் அவன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். நீலகிரித் தைலமும் வியர்வையும் கலந்த அவன் வாசனை எனக்கு இன்னும் தெரியும்.

நோன்பு மாதத்திலும் வருவான். தண்ணீர் கூடக் குடிக்காமல் ஓடுவான். "இன்னைக்கு உக்காருலே" என்றால், "உக்காந்தா பசிக்கும், ஓடுனா பசிக்காது" என்பான். பொழுது சாய்ந்ததும் தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் நோன்புக்கஞ்சி ஊற்றுவான். குளத்துக்குள் வட்டமாக உட்கார்ந்து குடிப்போம். மோதிக் கிழிந்திருந்த வாய்க்குள் சூடு பட்டதும் எரியும். ஆனாலும் யாரும் மிச்சம் வைத்ததில்லை.

அவன் வாப்பா சவுதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மைதீன் பிறப்பதற்கு முன்னாலேயே போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைப் பிரிப்பார், திரும்பப் பெட்டியைக் கட்டுவார். மகனுக்கும் அதே கடையில் இடம் சொல்லி வைத்திருந்தார்.

மைதீனுக்கு அங்கே போக விருப்பமில்லை. உம்மாவோடு ஊரிலேயே இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, மாநில அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப்போடலாம். அவன் மண்ணில் விழுந்து எழுந்தது எல்லாம் அதற்காகத்தான்.

கேள்வி அவுட்

பி.டி. சார் எங்கேயோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஐந்து கேள்விகளோடு திரும்பி வந்தார்.

தலையில் அடிபட்டவனிடம் இந்த ஐந்தையும் கேட்க வேண்டும். எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாவது பாதியா? கடைசியாக யார் பாயின்ட் எடுத்தது? போன மேட்ச் யாருடன்? ஜெயித்தோமா? ஒன்று தப்பினாலும் ஆட்டக்காரன் வெளியே வர வேண்டும்.

முதலில் மாட்டினவன் சுடலை. தறி ஓட்டுகிற வீட்டுப் பையன், எங்கள் அணியின் வாயாடி. மோதி விழுந்தவன் இரண்டு கேள்விக்குத் திருதிருவென்று விழித்தான். சார் வெளியே உட்கார வைத்துவிட்டார். மறுநாள் பயிற்சிக்கு வந்ததும் கையைத் தட்டி எங்களைக் கூப்பிட்டான்.

"ஏலே மக்கா, கேள்வி அவுட்டு! அஞ்சே அஞ்சு கேள்விதான். எப்பவும் அதே பேப்பர்தான். பாஸாகாதவன் மாடு மேய்க்கப் போங்கலே."

எங்களுக்கு அது ஒரு மோசடியாகவே தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படிப் படித்து வந்தவர்கள்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. வாத்தியார் முக்கியமான கேள்வி என்று கோடு போட்டுத் தருவதை வரி மாறாமல் மனப்பாடம் செய்வோம். "தெரியாட்டாலும் பேப்பர வெறுமன குடுத்துட்டு வராதிங்கடா, தெரிஞ்சத எழுதுங்க" என்றுதான் எங்களைப் பரீட்சைக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் பத்தாவது, அப்படித்தான் பன்னிரண்டாவது.

ரக்பிக் கேள்விகளும் எங்களுக்கு வசதியாக அமைந்துவிட்டன. எங்களைக் கூப்பிட்டு ஆட வைக்க யாரும் இல்லாததால் எல்லா மேட்ச்சும் எங்கள் குளத்தில்தான். வாசுதேவநல்லூர்ப் பையன்கள்தான் திரும்பத் திரும்ப வந்து ஆடுவார்கள். எப்போதும் நாங்கள்தான் ஜெயிப்போம். ஆக மூன்று பதில் மாறவே மாறாது. மாறுகிற இரண்டுக்குச் சுடலை வழி கண்டுபிடித்தான். கோட்டுக்கு வெளியே நின்று, எந்தப் பாதி என்பதை விரலால் காட்டுவான். கடைசிப் பாயின்ட் நம்முடையது என்றால் நெஞ்சைத் தொடுவான், அவர்களுடையது என்றால் பின்பக்கத்தைச் சொறிவான். இதைப் பார்த்துச் சிரித்தே பாதிப் பேர் தெளிந்துவிடுவார்கள்.

மைதீன் அதிகமாக அடிபடுகிறவன். தலையைக் கொடுத்துத்தான் ஆளைச் சாய்ப்பான். ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, சார் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்வான். சார் அவன் முதுகில் தட்டி உள்ளே அனுப்புவார்.

"இவன் தல கருங்கல்லுடா," என்பார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மாறி நின்ற தோள்

இனி சென்னைக்கு வருகிறேன்.

அது மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. நிழற்பந்தலின் கீழ் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைதீனுக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் மைதானத்துக்குள் நுழைந்ததும் அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தான். பிறகு அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்தான்.

"மெத்த மாதிரி இருக்குலே. இதுல விழுகதுக்குத் துட்டு குடுக்கணும்."

மத்தியான மேட்ச்சில் அவன் ஆடினது போல நான் யார் ஆடியும் பார்த்ததில்லை. பந்தலுக்குக் கீழே ஒருவர் அவனைக் கை நீட்டிக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் பேசியதைப் பார்த்தேன். அடுத்த ஸ்க்ரமில் அதை அவன் காதில் சொன்னேன். அவன் கை என் தோளை ஒரு முறை அழுத்தியது.

கொஞ்ச நேரத்தில் மைதீன் எதிரணிக்காரன் ஒருவனைச் சாய்க்கப் போனபோது, அந்த ஆளின் முழங்கால் மைதீனின் காதுப் பக்கம் இறங்கியது. காய்ந்த மட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம். விழுந்த மைதீன் எழுந்துவிட்டான். ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எந்தப் பக்கம்லே அடிக்கோம்?" என்று கேட்டான்.

கேலி செய்கிறான் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம்.

அடுத்து ஸ்க்ரம். நான் என் இடத்தில் கையை விரித்துக் காத்திருந்தேன். மைதீன் என்னைத் தாண்டிப் போனான். எதிரணியின் முன்வரிசைக்குப் போய், நடுவில் நின்றவனை லேசாக ஒதுக்கிவிட்டு, வலது பக்கத்துக்காரன் தோளில் கையைப் போட்டான். அவ்வளவு பிரியமாகப் போட்டான். அந்தப் பையன் பயந்துபோய் அப்படியே நின்றான். ரெஃப்ரி விசில் ஊதினார்.

டாக்டரம்மா கேட்ட முதல் இரண்டு கேள்விக்கு மைதீன் சரியாகவே சொன்னான். இரண்டாவது பாதி. கடைசிப் பாயின்ட் எங்களுடையது. கோட்டுக்கு வெளியே சுடலை நின்றிருந்தான். மற்ற மூன்று கேள்விகளும் பதில்களும்தான் முதலிலேயே நான் சொன்னவை. மூன்றாவதாக அவன் குளத்தைச் சொன்னபோது, நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்த சுடலையின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கேப்டன், இவரை வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டரம்மா.

"எல்லாம் கரெக்டாத்தானே மேடம் சொன்னேன்?" என்றான் மைதீன். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லுலே. உனக்குத்தான் இங்கிலீசு வரும்லா," என்றான்.

அவன் இடுப்பைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். திரும்பும் ரயிலில், "யார் யாரை எடுத்திருக்கானுவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இன்னும் சொல்லவில்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனை எடுக்கவில்லை என்பது ரயில் ஏறும் முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

செக்ரட்டரி

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல ஆடினேன். ஸ்க்ரமில் என் தோளில் வேறொருவன் கை இருந்தது. நல்ல பையன்தான். ஆனாலும் குனியும்போதெல்லாம் உடம்பு பின்னால் இழுத்தது. பி.டி. சாருக்கு வேறு ஊருக்கு மாற்றலானபோது, மாவட்டச் சங்கத்தின் செக்ரட்டரி வேலையை என் தலையில் கட்டினார்கள். காரணம் அதேதான். மேலிடத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டும்.

சங்கத்துக்கு ஆபீஸ் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம். ஒரு மேசை, மூன்று நாற்காலி. குளத்தில் ஆட அனுமதி வாங்குவது, ஐஸ் கட்டிக்கு ஏற்பாடு செய்வது, மேட்ச் அன்று ஆம்புலன்ஸ் வரச் சொல்லிக் கெஞ்சுவது. கேப்டனாக இருந்தபோது வியர்த்ததைவிட இதில் அதிகம் வியர்த்தது.

நான் போட்ட முதல் விதி ஒன்றுதான். தலையில் அடிபட்டால் கேள்வியே கிடையாது. வெளியே. டாக்டர் சரி என்று சொல்கிற வரை உள்ளே வர முடியாது. பையன்கள் முதுகுக்குப் பின்னால் என் பேரோடு சேர்த்து என்னை "வெளிய மாரி" என்று கூப்பிட்டார்கள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டோடு படுத்துக் கிடந்த மைதீன் இதற்குள் நடமாடத் தொடங்கியிருந்தான். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். வெயிலில் கண்ணைச் சுருக்குவான். தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குள் வரமாட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் விட்டுவிட்டு, என்ன சொல்ல வந்தேன் என்பது போலப் பார்ப்பான். திருநெல்வேலியில் தலைக்குப் பார்க்கிற டாக்டரிடம் நானும் கூடப் போனேன். இன்னொரு அடி விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை என்றார் அவர்.

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்

அடுத்த தேர்வுப் போட்டி வந்தது. வயது வரம்பின்படி மைதீனுக்கு அதுதான் கடைசி. ஒரு மாலை அவன் உம்மாவோடு ஆபீசுக்கு வந்தான். சுடலையும் என்னோடு இருந்தான்.

உம்மா உட்காரவில்லை. கறுப்புத் துப்பட்டியின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"மாரி, நீயும் எனக்குப் புள்ள மாதிரிதான். இவன் பேர இந்த ஒரு தடவ சேத்து அனுப்பு வாப்பா. வேல கெடச்சா இங்கனயே இருப்பான்லா."

"உம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. எடுத்தாச்சு," என்றான் மைதீன். "இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. வேணும்னா கேள்வி கேளு."

சுடலை சட்டென்று எழுந்து, "டீ சொல்லிட்டு வாரேன்," என்று வெளியே போனான். அவன் தோள் குலுங்கியது. சிரிப்பு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"கேள்விய விட்டாச்சு மைதீன்," என்றேன். "பேர் அனுப்ப மாட்டேன்."

அவன் என்னையே பார்த்தான்.

"கேப்டனா இருக்கையில என்னைய உள்ள அனுப்புன. செக்ரட்டரி ஆனதும் வெளிய தள்ளுத. நல்லாருக்குலே உன் நியாயம்."

"நீ சும்மா இரி," என்று மகனை அடக்கிவிட்டு உம்மா என் பக்கம் திரும்பினார். "இவன் வாப்பாகூட நான் மொத்தமா எத்தன மாசம் வாழ்ந்திருப்பேன், சொல்லு. இவனையும் பிளேன்ல ஏத்திவிட்டுட்டு நான் யார் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்?"

"இன்னொரு அடி விழுந்தா இவன் உங்க மொகத்தையே தெரியாம இருந்திருவான் உம்மா. சென்னையில என்னைய விட்டுட்டு வேற எவன் தோள்லயோ கையப் போட்டான். அத நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

அதை மைதீனுக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. அவன் முகம் வெளிறிப்போனது. உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பொய் சொல்லுதான் உம்மா," என்றான் மெதுவாக. "நான் எப்பவும் இவன் தோள்லதான் போடுவேன்."

டீ வந்தபோது அவர்கள் இல்லை. சுடலை நான்கு கிளாசையும் மேசையில் வைத்துவிட்டு, "நீ செஞ்சது சரிதாம்லே," என்றான். இரண்டு பேரும் டீயைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மைதீன் சவுதிக்குப் போனான். விமான நிலையத்துக்குச் சுடலை போய் வந்தான். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எந்த மாரி

நடுவில் ஒருநாள் சுடலை சவுதியிலிருந்த மைதீனிடம் போனில் பேசினான். பிறகு என்னிடம் வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று முழித்தான்.

"என்னலே?"

"ஒம் பேரச் சொன்னேன். மாரி உன்ன விசாரிச்சாம்னு."

"சரி?"

"எந்த மாரின்னு கேட்டான்."

கோபத்தில் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று சுடலையால் சொல்ல முடியவில்லை. போனில் முகம் தெரியாது அல்லவா. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் கிடந்தேன். வேலைக்கு நடுவில், சாப்பாட்டுக்கு நடுவில், பையன்கள் ஸ்க்ரம் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கோபமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மனுஷன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. மல்லிகைப்பூ வாசனையும் டீசல் புகையுமாக இருந்தது. ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே கடையநல்லூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துப்பட்டி, அதன் பக்கத்தில் தாடி வைத்த ஒரு குள்ளமான ஆள். வெள்ளைச் சட்டைக்கு மேலே அதே கழுத்து.

கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்த அவன் கண் என் மேல் வந்து நின்றது.

கூட்டத்தில் ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அந்தக் கண் தாண்டிப் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. கையைத் தூக்கவும் பயமாக இருந்தது.

தாண்டிப் போகவில்லை. அவன் தாடை இறுகியது. உதடு எதையோ முணுமுணுத்தது. அது நிச்சயமாக ஒரு கெட்ட வார்த்தை. பிறகு முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, உம்மாவின் முழங்கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் கிளம்பி வளைவு திரும்புகிற வரை நான் அங்கேயே நின்றேன். பூக்காரம்மா ஒருத்தி, "ஏன் தம்பி அழுதீய? துட்டு எதுவும் அடிச்சிட்டானுவளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றேன். "தெரிஞ்சவன் ஒருத்தனப் பாத்தேன்."